பழைய விமானப் புரொப்பெல்லர்: பொறிப்புகளை வைத்து அடையாளம் காண்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானங்கள் பறக்கத் தொடங்கிய காலம் முதல் இரண்டாம் உலகப் போர் முடியும் வரை உருவான மர, உலோகப் புரொப்பெல்லர்களைப் பற்றிய பக்கம் இது. பரணிலிருந்து இறங்கியது, ஏலத்தில் வாங்கியது, தாத்தா விட்டுச் சென்றது என்று ஏதோ ஒரு வழியில் ஒன்று கைக்கு வந்துசேர்கிறது. அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இது எந்த விமானத்துடையது?

பொறிப்புகளை எங்கே தேட வேண்டும்?

மரப் புரொப்பெல்லர் என்றால் நடுவில் பிளேடுகள் சேரும் தடித்த பகுதியான ஹப்பில். அதன் முன்முகம், பின்முகம், இரண்டு பிளேடுகளுக்கும் இடையில் வரும் பக்கச் சுவர்கள் எல்லாவற்றையும் பாருங்கள். எழுத்துகள் பெரும்பாலும் இரும்பு அச்சால் அடித்து இறக்கப்பட்டவை. வண்ணத்தில் ஒட்டிய தயாரிப்பாளர் சின்னம் இருந்தால் அது பிளேடின் மேல் இருக்கும்.

உலோகத்தில் இரண்டு வகை. ஒரே துண்டாகச் செய்த பிளேடு என்றால் ஹப் பகுதியில், போல்ட் துளைகளைச் சுற்றிப் பொறித்திருப்பார்கள். பிளேடைத் தனியாகக் கழற்றக்கூடிய வகையில் ஹப்புக்கு ஒரு எண், ஒவ்வொரு பிளேடுக்கும் வேறு எண். பிளேடின் எண் அதன் அடித்தண்டில், ஹப்புக்குள் மறைந்திருக்கவும் வாய்ப்புண்டு.

எழுத்து மங்கலாக இருந்தால் அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பரப்போடு ஒட்டிப் படுக்கவைத்து வெளிச்சம் அடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத பள்ளங்கள் நிழல் விழுந்து எழும்பி நிற்கும். மெல்லிய தாளை வைத்து மென்மையான பென்சிலால் தேய்த்து எடுப்பதும் நல்ல வழி. உப்புத்தாள், வார்னிஷ் நீக்கும் திரவம், பித்தளை பாலிஷ் எதையும் தொடாதீர்கள். எழுத்தின் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. "கொஞ்சம் சுத்தம் பண்ணலாம்" என்று தேய்த்தால் அடையாளமும் பாதி மதிப்பும் சேர்ந்தே போய்விடும்.

ஹப்பில் ஏகப்பட்ட எண்கள் இருக்கின்றன. எதை முதலில் படிப்பது?

எஞ்சின் பெயரை. பிறகு விட்டம், பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்). அதன்பின் வரைபட எண். தொடர் எண்ணைக் கடைசியில் பார்த்தால் போதும்.

பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இருப்பதிலேயே நீளமான எண்ணைப் பிடித்துக்கொண்டு அதைத் தேடி அலைகிறார்கள். அது பல நேரம் தொடர் எண்ணாக, அதாவது அந்த ஒரு துண்டுக்கு மட்டும் பட்டறையில் கொடுத்த எண்ணாக இருக்கும். அதிலிருந்து விமானத்தைப் பிடிப்பது அநேகமாக நடக்காத காரியம். வரைபட எண் வேறு விஷயம்: ஒரே வடிவமைப்பில் செய்த அத்தனை புரொப்பெல்லர்களிலும் அது ஒன்றாகவே இருக்கும், அதனால்தான் தேடினால் கிடைக்கிறது. முன்னால் "டிஆர்ஜி" (டிராயிங் என்பதன் சுருக்கம்) என்றோ ஓரிரு எழுத்துகளோ இருந்தால் வரைபட எண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

நான் கேட்பது விமானத்தை. நீங்கள் எஞ்சினைச் சொல்கிறீர்களே?

புரொப்பெல்லர் செய்தவர்களுக்கு முதல் கவலை எஞ்சின்தான். எத்தனை குதிரைத்திறன், நிமிடத்துக்கு எத்தனை சுற்று, தண்டின் முனை என்ன அளவு என்பதை வைத்துத்தான் வடிவமைப்பே தொடங்கும். ஹப்பில் எஞ்சின் பெயர் இருந்து விமானப் பெயர் இல்லாமல் போவது சர்வ சாதாரணம்.

முதல் உலகப் போரின் சாப்வித் கேமல் விமானத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் 130 குதிரைத்திறன் கிளெர்கெட், 110 குதிரைத்திறன் லெ ரோன், 150 குதிரைத்திறன் பென்ட்லி பிஆர்1 என்று வெவ்வேறு எஞ்சின்கள் பொருத்தப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் வேறு புரொப்பெல்லர். மறுபக்கம், அதே 130 கிளெர்கெட் கேமலில் மட்டுமல்ல, அதற்கு முந்தைய சாப்வித் ஒன்றரை ஸ்ட்ரட்டரிலும் பறந்தது. ஆக, எஞ்சின் பெயர் தெரிந்தால் பட்டியல் நாலைந்து விமானமாகச் சுருங்கும், ஒன்றாகிவிடாது.

அந்த நாலைந்தில் எது என்று சொல்ல உதவுவது பிட்ச். எஞ்சினும் விட்டமும் ஏறத்தாழ ஒன்றாக இருந்து ஒன்றின் பிட்ச் கூடுதலாக இருந்தால், அது வேகமான விமானத்துக்கானது. மெதுவாக ஏறி இறங்கும் பயிற்சி விமானத்துக்கோ பாரம் சுமப்பதற்கோ குறைந்த பிட்ச் போதும்.

டி, பி, எஸ்டி என்ற எழுத்துகளுக்கு என்ன பொருள்?

டி என்பது விட்டம். பி என்பது பிட்ச்: புரொப்பெல்லர் ஒரு முழுச் சுற்று சுற்றும்போது, காற்றில் வழுக்காமல் திருகாணி போல் முன்னேறினால் எவ்வளவு தூரம் போகும் என்ற கணக்கு. ஜெர்மன் புரொப்பெல்லரில் பிட்ச்சை எஸ்டி அல்லது எஸ்டிஜி என்று போடுவார்கள். பிரெஞ்சில் "பா" என்ற சொல் வரும், பி-ஏ-எஸ் என்ற மூன்று எழுத்துகள். எல்எச், ஆர்எச் என்பவை இடது சுழற்சி, வலது சுழற்சி.

எழுத்தைவிட அளவை எப்படிக் குறித்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். முதல் உலகப் போர்க் காலப் பிரிட்டிஷ் புரொப்பெல்லர்களில் மில்லிமீட்டர்தான் வழக்கம், எனவே 2,500, 2,700 என்று நான்கு இலக்க எண் வரும். அங்குல நாட்டில் மில்லிமீட்டரா என்று குழம்ப வேண்டாம், அப்படித்தான் செய்தார்கள். ஜெர்மானியர்கள் சென்டிமீட்டரில் 280 என்பது போல மூன்று இலக்கத்தில் குறித்தார்கள். அடி, அங்குலம் இருந்தால் பெரும்பாலும் அமெரிக்கா, அல்லது பிற்காலப் பிரிட்டன். இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் எந்த நாட்டிலிருந்து தேடலைத் தொடங்குவது என்பது தெரிந்துவிடும்.

என்னுடையதில் ஒரு எழுத்துகூட இல்லை. வழியே கிடையாதா?

உண்டு. அளவெடுங்கள்.

முழு நீளம், ஹப்பின் கனம், நடுத்துளையின் விட்டம், போல்ட் துளைகளின் எண்ணிக்கை, ஒவ்வொரு துளையின் விட்டம், எல்லாத் துளை மையங்களையும் தொட்டுச் செல்லும் வட்டத்தின் விட்டம். இந்த ஆறும் சேர்ந்து எஞ்சினின் கைரேகை மாதிரி. எஞ்சின் தண்டில் வரும் உலோக ஹப்பின் அளவு பெரும்பாலும் அந்த எஞ்சினுக்கே உரியது. வேறு எஞ்சினுக்கான மரப் புரொப்பெல்லர் பெரும்பாலும் அதில் உட்காராது.

அடுத்து, சுழலும் திசை. புரொப்பெல்லரின் ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் புடைத்தும் இருக்கும். புடைத்த பக்கம் விமானம் போகும் திசையைப் பார்க்கும், தட்டைப் பக்கம் பின்னோக்கி. தட்டைப் பக்கம் உங்களைப் பார்க்கும்படி ஒரு பிளேடை மேல்நோக்கி நிறுத்துங்கள். தடித்து உருண்ட விளிம்பு, அதாவது காற்றை முதலில் வெட்டும் விளிம்பு, வலப்பக்கம் இருந்தால் அது வலது சுழற்சி. இடப்பக்கம் இருந்தால் இடது.

பிட்ச்சையும் நீங்களே கணக்கிடலாம். புடைத்த பக்கம் கீழே இருக்கும்படி, ஹப் முகம் மட்டமாக நிற்குமாறு வையுங்கள். மையத்திலிருந்து பிளேடு நீளத்தில் முக்கால் பங்கு தூரத்தில், தட்டையான பரப்பின் மேல் கைப்பேசியின் சாய்வுமானியை வைத்துக் கோணத்தைப் பாருங்கள். அந்த இடத்தின் சுற்றளவை அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பால் பெருக்கினால் பிட்ச். விட்டம் 2,400 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஆரம் 1,200, அதில் முக்கால் 900. சுற்றளவு சுமார் 5,655 மி.மீ. கோணம் 20 டிகிரி என்றால் அதன் டேன்ஜென்ட் 0.364. பிட்ச் சுமார் 2,058 மி.மீ. நூறாண்டுப் பழைய மரம் முறுக்கியிருக்கும், எனவே இரண்டு பிளேடுகளிலும் அளந்து சராசரி எடுங்கள்.

பிரிட்டிஷ் முத்திரைகளை எப்படிப் படிப்பது?

எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்துதான் சாவி. டி என்ற எழுத்தோடு (விட்டத்தைக் குறிக்கும் டி அல்ல, டீ என்று நீட்டிச் சொல்லும் ஆங்கிலத்தின் இருபதாவது எழுத்து) வரும் எண் பிரிட்டிஷ் அரசின் விமான வடிவமைப்பு நிலையமான ராயல் ஏர்கிராஃப்ட் ஃபேக்டரியின் வரைபடம். ஏபி என்பது 1916-ல் உருவான ஏர் போர்டின் வரைபட எண், எனவே அந்த முத்திரை உள்ளது அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. எல்பி என்பது வெய்பிரிட்ஜில் இருந்த லாங் நிறுவனத்துடையது. ஏஐடி என்ற சிறு முத்திரைகள் 1913-ல் தொடங்கிய விமானப் பரிசோதனைத் துறை அதிகாரிகள் ஒவ்வொரு கட்டத்திலும் சரிபார்த்து அடித்தவை. அவை அசலுக்கு நல்ல சாட்சி, ஆனால் எந்த விமானம் என்று சொல்லாது.

பலர் சறுக்கும் இடம் ஆர்ஏஎஃப் என்ற மூன்று எழுத்து. அதைப் பார்த்ததும் ராயல் ஏர் ஃபோர்ஸ், அதாவது பிரிட்டிஷ் விமானப்படை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். "ஆர்ஏஎஃப் 1ஏ", "ஆர்ஏஎஃப் 4ஏ" என்று இருந்தால் அது ராயல் ஏர்கிராஃப்ட் ஃபேக்டரி வடிவமைத்த எஞ்சினின் பெயர். 90 குதிரைத்திறன் கொண்ட 1ஏ, பிஇ2சி விமானத்தில் இருந்தது, 4ஏ, ஆர்இ8-ல். இரண்டுக்கும் நான்கு பிளேடுகள். ராயல் ஏர் ஃபோர்ஸ் 1918 ஏப்ரல் 1 அன்றுதான் பிறந்தது, பெயர்க் குழப்பம் வரும் என்றே அந்த ஃபேக்டரியின் பெயரை மாற்றினார்கள். குழப்பம் என்னவோ இன்னும் தீரவில்லை.

செய்தவர் பெயரைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். போர்க்காலத்தில் ஒரே வரைபடத்தைப் பல பட்டறைகளுக்குக் கொடுத்தார்கள். மர வேலை தெரிந்த யாரையும் விட்டுவைக்கவில்லை. லீட்ஸ் நகரின் ஆடி, கிங்ஸ்டனின் எபோரா போன்ற பெயர்கள் செய்த இடத்தைச் சொல்லும், வடிவமைத்தவரை அல்ல.

ஜெர்மன் புரொப்பெல்லர் என்று எதை வைத்துச் சொல்வது?

எஞ்சின் வரியில் "பிஎஸ்" என்று இருந்தால் அது ஜெர்மன் மொழியில் குதிரைத்திறன். 160 பிஎஸ் மெர்சிடிஸ், 200 பிஎஸ் பென்ஸ் என்பவை நிறையக் கண்ணில் படும். பிளேடில் ஒட்டிய தயாரிப்பாளர் சின்னம் பிழைத்திருந்தால் இன்னும் எளிது: ஹைனே, ஆக்சியல், வோல்ஃப், நீன்டோர்ஃப், ரெஷ்கே, கருடா. கடைசிப் பெயரைப் பார்த்து இந்தியாவோடு முடிச்சுப் போட வேண்டாம், அது பெர்லின் நிறுவனம்.

மரமும் கொஞ்சம் பேசும். பிரிட்டிஷ் புரொப்பெல்லர்கள் பெரும்பாலும் மகாகனி அல்லது வால்நட், ஒரே நிறமாக இருக்கும். ஜெர்மனியில் போர்க்காலத் தட்டுப்பாட்டில் கருத்த மரமும் வெளிர் மரமும் மாறி மாறி ஒட்டப்பட்டன, வரிவரியாகத் தெரியும். அழகுக்காகச் செய்ததில்லை என்றாலும் இன்று சுவரில் மாட்டுபவர்களுக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

பிரெஞ்சு?

ஷோவியேர் நிறுவனத்தின் "இன்டெக்ரால்" சின்னம் மிகப் பிரபலம். 1909 ஜூலை 25 அன்று பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது ஷோவியேர் புரொப்பெல்லரோடுதான். ரட்டியே, ரெஜி, லெவாஸர், எக்லேர் ஆகியவையும் அடிக்கடி வரும். வரைபட எண்ணின் இடத்தில் "சேரி" என்ற சொல்லும் ஒரு எண்ணும் இருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க மரப் புரொப்பெல்லரின் குறியீட்டில் என்ன இருக்கிறது?

முதல் உலகப் போர்க் காலம் என்றால் எஞ்சினைப் பாருங்கள்: ஜென்னி பயிற்சி விமானத்தின் 90 குதிரைத்திறன் கர்டிஸ் ஓஎக்ஸ்-5, அல்லது 400 குதிரைத்திறன் லிபர்ட்டி. நங்கூர முத்திரை இருந்தால் கடற்படைப் பரிசோதகர் கைபட்டது.

1930-களுக்குப் பிறகு வேலை சுலபம். சென்சனிக் நிறுவனத்தின் டபிள்யூ72சிகே42 என்ற குறியீட்டை உடைத்துப் பாருங்கள். டபிள்யூ என்றால் மரம், 72 என்பது அங்குலத்தில் விட்டம், சிகே என்பது வடிவமைப்பு, 42 என்பது அங்குலத்தில் பிட்ச். 65 குதிரைத்திறன் எஞ்சின் கொண்ட பைப்பர் கப் போன்ற சின்ன விமானங்களுக்கானது. டபிள்யூ98ஏஏ66 என்றால் 98 அங்குலம், பிட்ச் 66. ஸ்டியர்மன் பயிற்சி விமானத்தின் அளவு அது. பி என்ற எழுத்தோடு தொடங்கும் தனி எண் ஒன்று இருந்தால் அது அமெரிக்க அரசின் வகைச் சான்றிதழ் எண். அந்த ஆவணத்தில் எந்தெந்த எஞ்சினுக்கு ஒப்புதல் என்பது வரை இருக்கும்.

உலோக ஹப்பில் 23ஈ50 என்று இருக்கிறது. இது என்ன?

ஹாமில்டன் ஸ்டாண்டர்ட் என்ற அமெரிக்கப் புரொப்பெல்லர் நிறுவனத்தின் குறியீடு. எனக்கு மிகவும் பிடித்த குறியீட்டு முறை இது, ஏனென்றால் எதையும் ஒளித்துவைக்கவில்லை. எழுத்துக்கு முந்தைய இலக்கம் பிளேடுகளின் எண்ணிக்கை: 3. அதற்கும் முன்னால் உள்ள 2, அடிப்படை வடிவமைப்பில் செய்த பெரிய மாற்றத்தின் எண். ஈ என்பது பிளேடு அடித்தண்டின் அளவு. 50 என்பது எஞ்சின் தண்டின் பல் அமைப்புக்கான தர அளவு. டிசி-3 விமானங்களில் 23ஈ50 ஹப் வழக்கமானது. மஸ்டாங் பி-51டி-யில் 24டி50, அதாவது நான்கு பிளேடு. டெக்ஸன் டி-6 பயிற்சி விமானத்தில் 12டி40, இரண்டு பிளேடு.

பிளேடுக்குத் தனி எண் என்றேனே, அதையும் படிக்கலாம். 6101ஏ-12 என்றால் 6101 வடிவமைப்பு எண், ஏ அதன் திருத்தம், கோட்டுக்குப் பின் வரும் 12 என்பது அடிப்படை விட்டத்திலிருந்து குறைத்த அங்குலங்கள். சுழியம் என்றால் குறைக்கவில்லை. டெக்ஸனின் பிளேடு இதுதான்.

ஒரு எச்சரிக்கை: ஒரே ஹப் பல விமானங்களில் உண்டு. ஹப், பிளேடு இரண்டின் எண்ணையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். பழுது பார்க்கும்போது பிளேடை மாற்றியிருப்பார்கள், அதனால் மூன்று பிளேடில் ஒன்றின் தொடர் எண் மட்டும் தனித்து நிற்பது இயல்பு.

நிறுவனப் பெயரே காலத்தைக் காட்டும். ஹாமில்டனும் ஸ்டாண்டர்ட் ஸ்டீலும் 1929-ல் இணைந்தன. இரண்டில் ஒன்றின் பெயர் மட்டும் தனியாக இருந்தால் அந்த இணைப்புக்கு முந்தைய வடிவமைப்பு. லிண்ட்பர்க் 1927-ல் அட்லாண்டிக்கைக் கடந்த விமானத்தில் இருந்தது ஸ்டாண்டர்ட் ஸ்டீல்.

இரண்டாம் உலகப் போரின் மற்ற உலோகப் புரொப்பெல்லர்கள்?

பிரிட்டனில் டி ஹாவிலேண்ட், ஹாமில்டன் உரிமத்தில் செய்தது. ரோட்டால், ரோல்ஸ் ராய்ஸும் பிரிஸ்டலும் சேர்ந்து 1937-ல் தொடங்கியது. அவர்களிடம் அழுத்தி இறுக்கிய மர பிளேடுகளும் உண்டு, எனவே மரம் என்றதும் முதல் உலகப் போர் என்று நினைத்துவிடாதீர்கள். ஜெர்மன் விடிஎம் நிறுவன எண்கள் 9 என்று தொடங்கிச் சிறு கோட்டுக்குப் பின் ஐந்து இலக்கம் வரும். 9-12087 மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஜி-யில் வரும் எண். முனையில் 4 அங்குல மஞ்சள் பூச்சு அமெரிக்கப் போர்க்கால வழக்கம், ஆனால் பெயின்டை யாரும் எப்போதும் அடிக்கலாம்.

ஓரத்தில் பித்தளைத் தகடு இருந்தால் மிகப் பழையதா?

தகடு வயதைச் சொல்லாது. மழைத்துளி, புல், கல் ஆகியவற்றிலிருந்து மரத்தைக் காக்க வைத்தது அது. ஆனால் வேலைப்பாட்டைப் பாருங்கள்: அசலில் ஆணித்தலைகளின் மேல் ஈயம் பூசி மழமழவென்று இழைத்திருப்பார்கள். தகட்டின் முனையில் ஊசித்துளை அளவில் ஓட்டைகள் இருந்தால் அவை உள்ளே சேரும் ஈரம் வெளியேற வைத்தவை.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஹப்பைப் பாருங்கள். எஞ்சினில் மாட்டி இறுக்கிய புரொப்பெல்லரில் உலோகத் தட்டு அழுத்திய வட்டத்தடம் மரத்தில் பதிந்திருக்கும், போல்ட் துளைகளுக்குள் எண்ணெய்க் கறையும் துருவும் ஏறியிருக்கும். பறக்காமலே கிடங்கில் கிடந்த அசலில் இந்தத் தடம் இருக்காது என்பதையும் மறக்க வேண்டாம். அலங்காரத்துக்குச் செய்தவற்றில் பிளேடின் முறுக்கு அடி முதல் நுனி வரை ஒரே மாதிரி இருக்கும். அசலில் ஹப் அருகே கோணம் செங்குத்தாகத் தொடங்கி நுனியை நோக்கிப் போகப் போகப் படுத்துக்கொண்டே வரும். பிரபலமான நிறுவனச் சின்னம் மட்டும் புத்தம்புதிதாகப் பளிச்சிட்டு, எண் ஒன்றுகூட இல்லையென்றால் நான் பணம் கொடுக்க மாட்டேன்.

நடுவில் கடிகாரம் வைக்கத் துளையைப் பெரிதாக்கியவை போலி அல்ல. போர் முடிந்ததும் ஏராளமானோர் அப்படிச் செய்தார்கள். நடுத்துளை அளவு கெட்டுவிட்டதால் போல்ட் வட்டத்தை நம்ப வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இது விமானத்துடையதே இல்லையோ என்று சந்தேகம்...

நியாயமான சந்தேகம். ஆறடி நீளம், ஒல்லியான பிளேடு, கொஞ்சமே முறுக்கு, நடுவில் ஒரு சிறு துளை என்று இருந்தால் வின்சார்ஜர் போன்ற காற்றாலை மின்னாக்கியின் பிளேடாக இருக்கலாம். 1930-களில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் ரேடியோ பேட்டரிக்கு மின்னேற்றியவை அவை. குட்டையாகவும் கனத்தும் அகன்றும் இருந்தால், எஞ்சினைத் தரையில் ஓட்டிச் சோதிக்கும்போது சுமை கொடுக்க மாட்டுவது. முழங்கை நீளத்துக்கு மேல் அதிகமில்லாத மரப் புரொப்பெல்லர் ரேடியோபிளேன் ஓக்யூ-2 போன்ற, சுட்டுப் பழகுவதற்கான ஆளில்லாக் குறிவிமானத்துடையதாகவும் இருக்கலாம். காற்றுப் படகு, பனிச்சறுக்கு வண்டி ஆகியவற்றிலும் புரொப்பெல்லர் உண்டு.

ரிக்டோஃபன் விமானத்துடையது என்று வீட்டில் சொல்வார்கள். உண்மையா?

ரிக்டோஃபன் முதல் உலகப் போரின் புகழ்பெற்ற ஜெர்மன் போர் விமானி. அந்தக் கதை ஹப்பில் பொறித்த எஞ்சின் பெயரோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள். அவர் கடைசியாகப் பறந்த மூன்றடுக்கு ஃபோக்கரில் இருந்தது 110 குதிரைத்திறன் சுழல் எஞ்சின். 160 மெர்சிடிஸ் முத்திரையுள்ள புரொப்பெல்லர் அதில் இருந்திருக்கவே முடியாது. அவருடைய ஆல்பட்ராஸில் மெர்சிடிஸ் உண்டு, ஆனால் அந்த எஞ்சின் இன்னும் எத்தனையோ விமானங்களில் இருந்தது. கதை பொய் என்று நிரூபிப்பது எளிது, மெய் என்று காட்டக் கடிதமோ புகைப்படமோ வேண்டும்.

திரும்பப் பறக்கவிடலாமா?

கூடாது. ஒட்டுப் பசை காய்ந்திருக்கும், உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். ஆவணம் இல்லாத புரொப்பெல்லர் சுவருக்கு மட்டும்.

நிபுணரிடம் கேட்கும்போது என்ன அனுப்ப வேண்டும்?

முழுப் படம் ஒன்று, ஹப்பின் இரண்டு முகங்கள், பக்கச் சுவர்கள், நுனி, இவற்றோடு மேலே சொன்ன ஆறு அளவுகள். எழுத்துகளைப் படத்தை நம்பி விடாமல் வரிக்கு வரி தட்டச்சு செய்தும் கொடுங்கள். தெளிவில்லாத எழுத்துக்குக் கேள்விக்குறி போடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். 8-ஐ 3 என்று எழுதினால் வேறொரு விமானத்துக்குப் போய்விடுவோம்.

ஒரே ஒரு பிளேடுதான் இருக்கிறது, மறுபக்கம் கட்டை போல முடிகிறது. உடைந்ததா?

முடிவைத் தடவிப் பாருங்கள். ரம்ப வெட்டோ முறிவோ தெரிந்தால் பாதியை யாரோ எடுத்துவிட்டார்கள். மறுபக்கம் உலோக எடைக்கட்டை நேர்த்தியாக உட்கார்ந்திருந்தால் விடாமல் விசாரியுங்கள். 1930-களில் அமெரிக்காவில் எவரெல் என்ற பெயரில் ஒற்றை பிளேடு புரொப்பெல்லர் விற்பனைக்கே வந்தது, கப் விமானங்களில் மாட்டிப் பறந்தும் இருக்கிறார்கள்.